பிள்ளையார் படத்துக்குப் பின்னால்

அக்காவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இனி எழுதப்போவதில் பாதிக்கு மேல் புகழ்ச்சி போலத்தான் கேட்கும். மாண்ட்ரியலில் வீடு வாங்கப் போகிற தமிழனுக்கு அவரைவிட உபயோகமான ஆள் அந்தக் காலத்தில் கிடையாது. அவர் எனக்குச் செய்ததை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

கூடப் பிறந்தவர் இல்லை, அங்கே தமிழர்கள் எல்லோருக்கும் அக்கா. மாண்ட்ரியலின் லாசால் பகுதியில் அவருடைய வீட்டின் மேல்தளத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். நாங்கள் என்றால் நானும் என் மனைவி சுமதியும். கோயம்புத்தூரிலிருந்து வந்து புவாண்ட்-கிளேரில் ஒரு கம்பெனியில் மென்பொருள் வேலை பார்த்தேன். இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. அக்கா கீழ்த்தளத்தில் தனியாக இருந்தார். கணவர் கனடா வந்த மூன்றாவது வருடமே மாரடைப்பில் போய்விட்டார். ஒரே மகள் டொரண்டோவில் படித்துக்கொண்டிருந்தாள். யாழ்ப்பாணத்தில் மருந்தாளராக இருந்தவர், இங்கே ஒரு கிடங்கில் ஷாம்பூ போத்தல்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஐம்பதை நெருங்கிய வயது. ஒல்லியான உடம்பு. அக்டோபரிலிருந்து மே வரைக்கும் தலையில் ஒரே சாம்பல் நிறக் கம்பளித் தொப்பி.

தமிழர்கள் யாராவது வீடு பார்க்கப் போனால் அக்காவையும் கூட்டிப் போவார்கள். அதற்கென்று அவர் எதுவும் வாங்கமாட்டார். போன இடத்தில் நேரே உள்ளே நுழையவும் மாட்டார். எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போய் நின்று முதலில் கூரையைப் பார்ப்பார்.

“தெருவில எல்லாக் கூரையிலும் பனி நிக்குது. இதில மட்டும் இல்லை. கண்டீரோ தம்பி? சூடு முழுக்கக் கூரையால போகுது. இந்த வீட்டை வேண்டினா நீர் ஆகாயத்துக்கும் சேத்து ஹீட்டர் போடவேணும்.”

உள்ளே போனதும் எல்லோரும் சமையலறையைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். புது அலமாரி, பளபளக்கிற கல்மேடை. அக்கா அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார். ஷூவைக் கழற்றி, காலுறையையும் கழற்றி, வெறுங்காலோடு பேஸ்மெண்டுக்கு இறங்குவார். வெளியே மைனஸ் இருபதாக இருந்தாலும் அப்படித்தான். சுவரோரமாக ஒரு சுற்று நடப்பார். மூலையில் நின்று மூச்சை இழுப்பார். பழைய மருந்துக்கடைக்காரரின் மூக்கு அது. புதுப் பெயிண்ட் வாசனை வந்தால் ஒரு சந்தேகம். ஊதுபத்தி வாசனை வந்தால் இரண்டு சந்தேகம்.

“குளிர் வேறை, ஈரம் வேறை. கால் உமக்குச் சொல்லும். கண்ணை நம்பாதையும்.”

அதற்குப் பிறகுதான் அவருடைய பிரசித்தி பெற்ற வேலை தொடங்கும். சுவரில் மாட்டியிருக்கிற படங்களையெல்லாம் கழற்றுவார். கல்யாணப் படம், காலண்டர், பிள்ளைகள் கிறுக்கியது, எதுவாக இருந்தாலும் சரி. சாமிப் படத்தை மட்டும் கடைசியில் கழற்றுவார், அதுவும் மிகுந்த ஆசையோடு. வீட்டுக்காரர்கள் பதறிப்போவார்கள்.

“அக்கா, அது சாமிப் படம்…”

“சாமி கோவிக்கமாட்டார். ஆக்கள்தான் கோவிப்பினம். ஒருக்கா இதைப் பிடியும்” என்று படத்தை வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்துவிட்டு, பின்னால் இருந்த சுவரை விரலால் தடவிப் பார்ப்பார்.

இது ஏன் என்று அவரிடம் நான் நேராகவே கேட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பேஸ்மெண்டிலிருந்த துணி துவைக்கிற இயந்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னார். அவர் இந்த வீட்டை வாங்கியது ஒரு தை மாதத்தில். தை நல்ல மாதம் என்று நாள் பார்த்து வாங்கினார். ஜன்னல் உயரத்துக்குப் பனி குவிந்து கிடந்தது. சுவரின் கால்வாசி கண்ணுக்கே தெரியவில்லை. விற்றவர்களும் தமிழர்கள், தரகரும் தமிழர். வீட்டுப் பரிசோதகரைக் கூட்டி வரட்டுமா என்று அக்கா கேட்டதற்குத் தரகர், “எங்கட ஆக்களுக்குள்ள உதெல்லாம் என்னத்துக்கு அக்கா? அவையள் மனம் நோவினம்” என்றாராம். சட்ட உத்தரவாதம் இல்லாமல் வாங்குகிறேன், பின்னால் குறை தெரிந்தாலும் கேட்கமாட்டேன் என்ற வரியோடு, பத்திரம் முடிக்கிற நொத்தாரிசு நீட்டிய காகிதத்திலும் அதே தைரியத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். பேஸ்மெண்டில் வடக்குச் சுவரை மறைத்துக்கொண்டு ஆளுயரத்தில் ஒரு பிள்ளையார் படம் இருந்தது. சிவப்புப் பட்டுத் துணி, விளக்கு, ஊதுபத்தி.

“நான் கண்ணை மூடிக் கும்பிட்டன், தம்பி. எவ்வளவு விசர் எண்டு பாரும். வீடு பாக்கப் போன இடத்தில கண்ணை மூடினனான்.”

சித்திரையில் பனி உருகியது. பிள்ளையாரை அவர்கள் கொண்டுபோய்விட்டிருந்தார்கள். அவர் இருந்த இடத்தில் மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு வெடிப்பு இருந்தது. அதன் வழியாகத் தண்ணீர் வந்தது. தரையில் வைத்திருந்த அட்டைப் பெட்டிகளில் ஒன்றில் அவருடைய மருந்தாளர் சான்றிதழ்கள் இருந்தன. இங்கே மருந்தகத்தில் வேலை செய்வதற்கான பரீட்சைக்கு விண்ணப்பம் எழுதி வைத்திருந்தார். மூலப் பத்திரம் காட்ட வேண்டும். வேலையிலிருந்து வந்து பெட்டியைத் திறந்தபோது உள்ளே கூழ்தான் இருந்தது. பிரதி கேட்டு எழுதலாம் என்றால், கொடுக்க வேண்டிய அலுவலகமே யுத்தத்தில் எரிந்துபோயிருந்தது.

தரகரிடம் போய் நின்றிருக்கிறார். அந்த மனிதர், “வித்து முடிஞ்ச வீட்டுக்கு நான் என்ன செய்யிறது? பிள்ளையார் இருந்த வீடு. அவர் பாத்துக்கொள்ளுவார்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினாராம்.

இரண்டு வருடம் கழித்துக் கிடங்கில் கூட வேலை செய்கிற ஒரு பெண் வீடு பார்க்கப் போனபோது, சும்மா துணைக்கு அக்காவும் போனார். அதே தரகர். பேஸ்மெண்டில் அதே பிள்ளையார். சட்டத்தின் இடது கீழ்மூலை உடைந்து செப்புக் கம்பியால் கட்டியிருந்ததை வைத்து அடையாளம் கண்டுகொண்டார். படம் வீட்டை விற்றவர்களுடையதே இல்லை, தரகருடையது. எந்த வீட்டில் எந்தச் சுவர் வெடித்திருக்கிறதோ அங்கே பிள்ளையார் போய் எழுந்தருளுவார். அக்கா படத்தைக் கழற்றி, வெடிப்பை எல்லோருக்கும் காட்டி, தரகரின் முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்: “பிள்ளையாருக்கு இந்த ஊரில எத்தினை வீடு?”

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். அந்தத் தரகர் எந்த வீட்டைக் காட்டினாலும், வாங்க வந்தவர்களோடு அக்காவும் தொப்பியோடு வந்து இறங்குவார். யார் எந்த வீட்டைப் பார்க்கப் போகிறார்கள் என்பது எப்படித்தான் அவருக்குத் தெரியுமோ. மளிகைக் கடையில், கோயில் அன்னதான வரிசையில், பஸ்ஸில் என்று எங்கேயாவது பிடித்துவிடுவார். ஒருமுறை நானே கூடப் போனேன். அக்கா படியேறி வருவதைப் பார்த்ததும் தரகர் கையிலிருந்த சாவிக்கொத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“ஏன் அக்கா என்ர வயித்தில அடிக்கிறியள்? எனக்கும் பிள்ளையள் இருக்கு.”

“நான் ஒருத்தற்ற வயித்திலயும் அடிக்கேல்லை. சுவரிலதான் தட்டிப் பாக்கிறன்” என்று சொல்லிக்கொண்டே அக்கா காலுறையைக் கழற்றினார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் அறிந்த காலத்தில் அந்தத் தரகர் பிள்ளையாரைத் தூக்கிக்கொண்டு திரிவதை விட்டிருந்தார். பரிசோதகரைக் கூட்டி வாருங்கள் என்று அவரே வாங்குபவர்களிடம் சொல்லத் தொடங்கியிருந்தார். பயமோ, திருந்தினாரோ, தெரியாது. இதை நான் அக்காவிடம் சொன்னபோது, “இப்ப என்னத்துக்குத் திருந்தினவன்? என்ர பெட்டி நனையிறதுக்கு முதல் திருந்தியிருக்கலாமே” என்றார்.

தன் வீட்டைப் பராமரிப்பதும் அவருக்குப் பகை தீர்க்கிற காரியம்தான். தண்ணீரை அந்தத் தரகருக்குச் சொந்தக்காரன் மாதிரி நடத்தினார். ஒரு கோடை முழுவதும் ஆள் வைத்து வடக்குச் சுவரை அத்திவாரம் வரைக்கும் தோண்டி, வெடிப்பை அடைத்து, வெளிப்பக்கம் ரப்பர் தாள் ஒட்டி, அடியில் வடிகுழாய் பதித்து மூடினார். அதன் பிறகு அந்த பேஸ்மெண்டில் ஒரு சொட்டு வந்ததில்லை. அப்படியும் விடவில்லை. இலை கொட்டியதும் கூரைத் தண்ணீர் வடிகிற துவாரத்தைக் கையை விட்டுச் சுத்தம் செய்வார். அக்டோபரில் தோட்டத்துக் குழாயின் வால்வை வீட்டுக்குள்ளிருந்து மூடி, வெளிக்குழாயைத் திறந்து கடைசிச் சொட்டு வரைக்கும் வடியவிடுவார். மார்ச்சில், உருகத் தொடங்குவதற்கு முன்னால், சுவரோரம் கிடக்கிற பனியை அள்ளி நாலடி தள்ளி வீசுவார். ஒவ்வொரு அள்ளலுக்கும் உதட்டுக்குள் ஏதோ திட்டுவது மேல் ஜன்னலிலிருந்து பார்த்தாலே தெரியும்.

ஒரு வருடம் அவர் குழாயை வடித்து மூடிய பிறகு, நான் கார் கழுவுவதற்காகத் திறந்துவிட்டு வால்வை மூட மறந்துவிட்டேன். இரவுக் குளிரில் குழாய் வெடித்துவிட்டது. அக்கா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் சீட்டில் எழுதிக் கதவிடுக்கில் செருகினார். “குப்பை நாளை மாற்றியிருக்கிறார்கள்” என்று ஒரு சீட்டு. “உங்கள் மனைவிக்கு அச்சாறு வைத்திருக்கிறேன். உங்களுக்கில்லை” என்று இன்னொன்று. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது என்பது பின்னால்தான் தெரிந்தது.

மேல்தளத்துக்கு ஏற மாண்ட்ரியல் வழக்கப்படி வீட்டுக்கு வெளியேதான் படி. வளைந்து ஏறுகிற இரும்புப் படி. ஒரு பிப்ரவரி காலையில் சுமதி, அதற்குள் பிறந்திருந்த எங்கள் கைக்குழந்தையைக் கார்தெரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போவதற்காக இறங்கியபோது பனிக்கட்டியில் வழுக்கிவிட்டாள். குழந்தையை நெஞ்சோடு தூக்கிப் பிடித்துக்கொண்டே ஏழு படி உருண்டாள். குழந்தைக்கு ஒரு கீறல் இல்லை. சுமதிக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. அக்கா வீட்டுச் செருப்போடு பனியில் ஓடி வந்து, ஒரு அட்டையை வைத்துத் தன் சால்வையால் கையைக் கட்டி, ஆம்புலன்ஸ்காரனிடம் உடைந்த பிரெஞ்சில் சண்டை போட்டு அனுப்பிவைத்தார். ஆறு வாரம் எங்களுக்குச் சோறு கீழேயிருந்துதான் வந்தது. குழந்தையைக் குளிப்பாட்டியதும் அவர்தான். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

கட்டுப் பிரித்த பிறகும் சுமதிக்கு அந்தப் படி என்றாலே நடுக்கம். குழந்தையோடு இறங்க முடியாமல் நாள் முழுக்க மேலேயே அடைந்து கிடந்தாள். வேலைக்குப் போவதும் நின்றுவிட்டது. “ஏங்க, படி இல்லாத ஒரு வீடு. வேற ஒண்ணும் வேண்டாம்” என்றாள். அடுத்த பனி விழுவதற்குள் வாங்கிவிடலாம் என்று வாக்குக் கொடுத்தேன். எட்டு மாதம் தேடினோம். எங்கள் சக்திக்கு எட்டினதெல்லாம் படி வீடாகவே இருந்தது.

அப்போதுதான் அந்தத் தரகரின் சொந்த வீடு விற்பனைக்கு வந்தது. தொழில் படுத்துவிட்டதால் டொரண்டோவுக்கே போய்விடுவதாக முடிவு செய்திருந்தார். எங்கள் தெருவிலிருந்து பத்து நிமிட நடையில், தெருவுக்குச் சமமாக வாசல் வைத்த ஒற்றைத்தள வீடு. விலையும் எங்களுக்கு எட்டியது. சுமதி வாசலில் நின்று குழந்தையின் தள்ளுவண்டியை உள்ளேயும் வெளியேயும் இரண்டு முறை தள்ளிப் பார்த்தாள். கண் கலங்கினாள்.

யாருடைய வீடு என்று சொல்லித்தான் அக்காவைக் கூப்பிட்டேன். ஒளிக்கவில்லை. “வாறன்” என்றார். இரண்டு மணி நேரம் பார்த்தார். அவர் அவ்வளவு நேரம் எடுத்து நான் கண்டதில்லை. கூரைக்கடியில் தவழ்ந்தார். பேஸ்மெண்டில் மூன்று சுற்று நடந்தார். அங்கே ஒரு படமும் இல்லை. தரகர் எல்லாவற்றையும் முன்கூட்டியே கழற்றி வைத்திருந்தார். வெளியே வந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

“வேண்டாம், தம்பி. தண்ணி வரும்.”

“எங்கக்கா? ஈரமே இல்லையே.”

“சித்திரையில வரும். எனக்குத் தெரியும்.”

அதற்குமேல் நான் ஏன் பரிசோதகரைக் கூப்பிடப் போகிறேன்? அக்கா சொன்னால் சொன்னதுதான். தரகரிடம் போய், வேண்டாம் என்றேன். அந்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, நான் பொய் சொன்னனான்தான். இல்லையெண்டேல்லை. ஆனா இந்த வீட்டைப் பற்றிச் சொல்லேல்லை. ஒருக்கால் ஆளைக் கூப்பிட்டுப் பாரும்.” கையை உதறிக்கொண்டேன். அக்காவின் சார்பில் அவரைக் கெஞ்சவைப்பதில் எனக்கும் ஒரு சந்தோஷம் இருந்தது, உண்மையைச் சொன்னால்.

அக்கா சொன்னது தமிழர்களிடையே பரவி, ஒருவரும் அந்த வீட்டைச் சீந்தவில்லை. கடைசியில் அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டுத் தரகர் ஊரைவிட்டுப் போனார். வாங்கியது என் அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர். மதுரைக்காரர். இந்தக் கதையெல்லாம் தெரியாதவர். புதுமனைப் புகுவிழாவை ஏப்ரலில், பனி உருகி ஓடிக்கொண்டிருந்த வாரத்தில் வைத்தார். பால் காய்ச்சியதும் நான் ஒருவன் மட்டும் காலுறையைக் கழற்றிவிட்டு பேஸ்மெண்டுக்கு இறங்கினேன். எலும்பு போலக் காய்ந்து கிடந்தது தரை. அடுத்த வருட ஏப்ரலிலும் போய்ப் பார்த்தேன். அப்போதும் அப்படித்தான். அதற்குள் வீட்டு விலையெல்லாம் எங்கள் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டிருந்தது. “இனிமே வீட்டுப் பேச்சே எடுக்காதீங்க” என்று சுமதி சொல்லிவிட்டாள்.

அக்காவிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

“ஓம். நல்ல வீடு. ஒரு குறையும் இல்லை. தன்ர வீட்டை மட்டும் அவன் அவ்வளவு வடிவா வைச்சிருந்தவன். அதுதான் எனக்குப் பொறுக்கேல்லை.”

“எங்களை நெனச்சுப் பாக்கலையாக்கா? சுமதியை நெனச்சுப் பாக்கலையா?”

“நினைச்சன். கூரைக்குக் கீழ இருந்து கனநேரம் நினைச்சன். ரெண்டையும் நிறுத்துப் பாத்தன், தம்பி. அவன்ர பக்கம்தான் பாரமா இருந்தது.”

மன்னிப்புக் கேட்டிருந்தால் ஒருவேளை விட்டிருப்பேன். கேட்கவில்லை. வேறு வாடகை வீடு பார்க்கலாம் என்றால், அந்த வாடகையில் கிடைத்ததெல்லாம் மூன்றாவது மாடி. அதனால் அங்கேயே இருந்தோம். வாடகைக் காசோலையைக் கதவிடுக்கில் செருகினேன். அவர் எங்கள் படிக்கு உப்புத் தூவிக்கொண்டுதான் இருந்தார். நான் நன்றி சொல்லவில்லை.

மறு வருடம் அவருடைய மகளுக்குக் குழந்தை பிறந்தது. வந்து தன்னோடு இருக்கும்படி அவள் அழுதுகொண்டு கூப்பிட்டாள். அக்கா வீட்டை விற்றுவிட்டு டொரண்டோவுக்குப் போக முடிவு செய்தார். பேரக்குழந்தைக்கு அவர் பின்னிய கம்பளித் தொப்பிகள் ஜன்னலோரம் வரிசையாக இருந்தன. மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, இளம் தம்பதி ஒன்று வீடு பார்க்க வந்தது. யாழ்ப்பாணத்துக்காரர்கள். உள்ளே பார்த்துவிட்டு வெளியே வந்தவர்கள், நான் படியில் பனி தள்ளிக்கொண்டிருப்பதைக் கண்டு நின்றார்கள்.

“அண்ணை, நீங்கள் இஞ்ச கனகாலமா இருக்கிறியள் போல. கீழ தண்ணி வாறது எண்டு முந்திச் சனம் கதைச்சது. இப்பவும் வாறதோ? அக்கா இல்லையெண்டு சொல்லுறா.”

அத்திவாரம் வரைக்கும் தோண்டி அடைத்த வடக்குச் சுவர் எனக்குத் தெரியும். வருடக்கணக்காகக் காய்ந்து கிடக்கிற தரையும் தெரியும். நான் அவசரப்படவில்லை. மண்வெட்டியைப் படியில் சாய்த்து வைத்தேன்.

“வரும். ஏப்ரல்ல வந்து பாருங்க” என்றேன்.

அந்தப் பெண் கணவனின் கையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். அந்த வீட்டைப் பற்றி இப்படி ஒரு செய்தி பரவ ஒரு வாரம் போதும். அதுவும் வாடகைக்கு இருக்கிறவனே சொன்ன செய்தி.

மண்வெட்டியை எடுக்கத் திரும்பினால், கீழ்க்கதவு திறந்திருந்தது. அக்கா தொப்பியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். கத்துவார் என்று நினைத்தேன். பதில் கொடுக்கத் தயாராகவும் இருந்தேன். எனக்கு இரண்டு வருடமாகச் சேர்ந்திருந்த வார்த்தைகள் இருந்தன. அவர் என்னைப் பார்த்தார். சுவரைத் தடவிப் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

“வயிறு குளிர்ந்துதோ, தம்பி?”

குளிர்ந்தது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“இல்லக்கா.”

“அவன் ஊரைவிட்டுப் போன அண்டைக்கு எனக்கும் குளிரேல்லை” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

வீடு விற்கவில்லை. அவர் கீழேயும் நாங்கள் மேலேயுமாக அந்த வீட்டிலேயே இன்னும் மூன்று பனிக்காலம் இருந்தோம்.